பதில் வராத குழாய்

எங்கள் மாவட்டத்தில் பனி அள்ளும் வண்டிகள் முதலில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்வது ஒரு பழைய கணினி நிரல். பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவள் நான், ரோஸ்லின் ஹௌதலா. கறுப்புத் திரையில் வார்டு எண்ணைத் தட்டினால் தெருப் பட்டியல் வந்து விழும். பார்க்க அழகாக இல்லை என்பதுதான் அது செய்த ஒரே குற்றம்.

அந்தக் குற்றத்துக்காக மினியாபொலிஸிலிருந்து பிரெஸ்டன் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். அவர் பைத்தான் என்ற கணினி மொழியில் வண்ண வண்ணமாக ஒரு முகப்பு செய்தார். அது, ஒரு நிரலின் பேச்சை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் 'குழாய்' என்ற இணைப்பு வழியாகப் பழைய நிரலுக்கு வார்டு எண்ணை அனுப்பும். இன்னொரு குழாய் வழியாகப் பதிலை வாங்கிக்கொள்ளும். சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"குழாய்தானே ரோஸ்லின்? இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரப்போகுது."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

ஜனவரியில், பதினான்கு அங்குலப் பனி விழுந்திருந்த ஒரு காலையில் திறப்பு விழா. பிரெஸ்டன் முதல் வார்டைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மாவட்ட ஆணையர்கள் அதைப் பயபக்தியுடன் பார்த்தார்கள்.

வண்டிக் கொட்டகையிலிருந்து மேஸ்திரி டுவேன் போன் செய்தார்.

"என்னம்மா ரோஸ், பதினோரு வண்டி உறுமிக்கிட்டு நிக்குது. அங்க எல்லாரும் தியானத்துல இருக்கீங்களா?"

"வட்டம் சுத்துது, டுவேன்."

"சக்கரம் சுத்தினாத்தான்மா பனி போகும்."

பிரெஸ்டன் கையை விரித்தார். "உங்க பழைய புரோகிராம் செத்துப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. என் மேசைக்குப் போய் அதே நிரலைக் கையால் ஓட்டினேன். கண் சிமிட்டுவதற்குள் பட்டியல் வந்தது. பதினோரு வார்டுக்கும் போனிலேயே தெருப் பெயர்களை வாசித்தேன். வண்டிகள் கிளம்பின.

"செத்தது நல்லாவே பேசுதே, பிரெஸ்டன்!"

அப்புறம்தான் காரணம் புரிந்தது. திரைக்கு என்றால் என் நிரல் வரிக்கு வரி பதில் சொல்லும். குழாய்க்கு என்றால் பதில்களைத் தன்னிடமே சேர்த்து வைத்து, மூட்டை நிறைந்த பிறகே தள்ளும். முகப்போ முதல் பதில் வராமல் அடுத்த எண்ணை அனுப்பாது. என் நிரல் அடுத்த கேள்விக்காகவும் முகப்பு பதிலுக்காகவும் நாகரிகமாகக் காத்திருந்தன. இத்தனை வருடத்தில் என் நிரலை ஒருமுறைகூடக் குழாய் வழியாக ஓட்டிப் பார்க்காதது என் தவறு. வெட்கமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு பதிலையும் உடனே தள்ளிவிடும்படி என் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். வட்டம் மறைந்து பட்டியல் வந்தது. ஆணையர்கள் கைதட்டினார்கள், பிரெஸ்டனைப் பார்த்து. அவரும் அடக்கத்தோடு தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருக்கு நன்றிக் கடிதம் போனது. எனக்கு ஒரு படிவம் வந்தது: அனுமதியின்றி நிரலைத் திருத்தியதற்கு விளக்கம் தரவும். காரணம் என்ற கட்டத்தில் 'பனி' என்று எழுதிக் கொடுத்தேன்.