பொட்டு வைத்த அடுப்பு

என் வீட்டுக்காரர் தணிகாசலம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். ஆயுதபூஜை முடிந்ததிலிருந்து எங்கள் கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்து, பாத்திரமெல்லாம் கரி.

"கேஸ்னா இன்னா? ஹைட்ரோகார்பன். காத்து பத்தலன்னா அதுல இருக்கற கார்பன் முழுசா எரியாது, கரியா நிக்கும். இதுகூடத் தெரியாதா?" தோசையை மென்றுகொண்டே பாடம் எடுத்தார் மனுஷன்.

அடுப்பை அணைத்து, ஆறவிட்டுக் கவிழ்த்தேன். காற்று போகிற துளையை அடைத்துக்கொண்டு சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பூஜையன்று அடுப்புக்கு அடிவரைக்கும் பொட்டு வைத்தது அவரேதான்.

"இன்னாயா, கம்பெனி பாய்லருக்கும் நீதான் பொட்டு வெச்சியா?"

பாதித் தோசையோடு எழுந்து செருப்பைத் தேடினார்.