டேப்பைக் காத்தவர்

அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியவந்தபோது, மக்கள் இசை மீட்பு மன்றத்தின் தலைவருக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, எல்லாரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்று எட்டு மாதம் ஆகிவிட்டது. அவள் பாடல்களைப் பற்றிய புத்தகமும் ‘காற்றில் கரைந்த குரல்’ என்ற தலைப்போடு அச்சாகிவிட்டது. கரைந்துபோனவள் மருத்துவமனைக்குப் பின்பக்கத் தெருவில், இரண்டாம் மாடியில், அக்காவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் மனிதர் என்னதான் செய்வார்? கடைசியில் அட்டைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்தார்கள். ‘மீண்டு வந்த குரல்’ என்று இருந்தது அதில். எங்குமே போகாதவள் எங்கிருந்து மீண்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அவளுக்கு விசில் என்று பெயர். ஆவி இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கேட்ட ஒரே குரல் அவளுடையது. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று நான்கு முனையையும் பிடித்து, ஒரே நேரத்தில் இழுத்து உதற வேண்டும். ஒருத்தி முந்திக்கொண்டால் மற்றவள் கையிலிருந்து துணி நழுவி ஈரத்தரையில் விழும்; மறுபடி துவைக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் பாடினாள். ‘இழு’ என்ற இடத்தில் இழுப்பார்கள், ‘வா’ என்ற இடத்தில் ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை மற்றவள் கையில் கொடுப்பாள். ஆறு வருஷம் அவளுக்கு எதிர்முனை பிடித்தவள் அக்கா.

இழு இழு வெள்ளைத் துணி
எட்டு முழம் நீளத் துணி
பன்னிரண்டாம் படுக்கை ஐயா
விடிஞ்சாலும் எழ மாட்டார்

இந்த நான்கு வரிக்குப் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம் விளக்கம் இருந்தது. வெள்ளைத் துணி என்பது ஆன்மாவாம். பன்னிரண்டாம் படுக்கை, ஆசைகள் பதினொன்றையும் கடந்த நிலையாம். எழுதிய ஆய்வாளரிடம், பன்னிரண்டாம் படுக்கையில் ஒரு கிழவர் இருந்தார், தினமும் நனைத்துவிடுவார், அவர் விரிப்பைத் துவைத்து மாளாது என்று விசில் சொல்லிப் பார்த்தாள். ஆய்வாளர் பரிவோடு சிரித்தார். படைத்தவருக்கே தெரியாமல் படைப்புக்குள் ஆழம் வந்து சேர்வது சகஜம்தான் என்று தைரியம் சொன்னார்.

இந்தக் கூத்தையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், விழாவில் பாடச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொரு வருஷமாக அவள் பாடவில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுத்ததில்லை. இப்போது மத்தியான நேரத்தில், அக்கா தூங்கியதும், பின்னறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடிப் பார்த்தாள். மேல் ஸ்தாயி தேய்ந்திருந்தது. ஆனால் இருந்தது.

பாட்டு நின்ற கதை தெரு முழுக்கத் தெரிந்ததுதான். ஆவி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தான். சனிக்கிழமை மத்தியானம் கூடத்திலேயே அவளைப் பாடவைத்துப் பதிந்தான். திங்கட்கிழமை இருவருமாக வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அவன் கண் டேப்பின்மேல் மட்டும் இல்லை என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். விசிலுக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. அந்த டேப்பில் சூப்பர்வைசரைப் பற்றியும் ஒரு பாட்டு இருந்தது.

புதுத் துண்டு வந்தா மூட்டை
போய்ச் சேரும் அவரு வீட்டை

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் தன் அறைக்குக் கூப்பிட்டு, அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினார். பத்து மணிக்கு அவளுக்கு வேலை இல்லை. மெக்கானிக்தான் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று அக்கா சொன்னாள். டேப் வேறு யாரிடம் இருந்தது? அவன் மூன்று முறை வீட்டு வாசலுக்கு வந்தான். மூன்று முறையும் கதவைத் திறந்தவள் அக்காதான். உன் முகத்தில் விழிக்க அவளுக்கு இஷ்டமில்லை என்று அனுப்பிவிட்டாள். விசிலும் உள்ளேயிருந்து அதையேதான் சொல்லியிருப்பாள். பிறகு அவன் ஊரை விட்டே போனான். அடுத்த மாதம் அக்கா இஸ்திரிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாள். தங்கை வீட்டில் உட்கார்ந்து தலையணை உறை தைத்தாள். அக்கா ஒரு நாளும் சோற்றுக்குச் சொல்லிக்காட்டியது இல்லை.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆய்வாளர் விழா மலரோடு வந்தார். அக்கா கண்ணாடிக்குப் புது பிரேம் போட வெளியே போயிருந்தாள். அதுவும் நல்லதுதான், ஒரு ரகசியம் இருக்கிறது என்றார் ஆய்வாளர். குழந்தை மிட்டாயை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் அவர் முகம் இருந்தது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டாம். எந்த டேப் கிடைத்தாலும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு கை விடாமல் எழுதி அச்சிடுவார்கள். இந்த டேப், காலமான சூப்பர்வைசரின் டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது. கிழிந்த விரிப்புக்குக்கூடச் சீட்டு எழுதி ஒட்டுகிற மனுஷர் அவர். டேப்பை மட்டும் விடுவாரா? உறைமேல் ஒட்டியிருந்த காகிதத்தை மலரில் முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஆய்வாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ கல்வெட்டைப் படிப்பதுபோல் படித்தார். பெற்ற நாள் ஞாயிறு, காலை ஒன்பது. கொடுத்தவர், பாடியவளின் மூத்த சகோதரி. சனி மாலை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கியது. தாமாக முன்வந்து கொடுத்தார்.

“உங்க அக்கா மட்டும் இல்லைன்னா, இந்தக் குரலே நமக்கு இல்லம்மா,” என்றார் ஆய்வாளர். “பத்திரமா இருக்கணும்னு கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. டேப்பைக் காத்தவர்னு ஒரு கேடயம் பண்ணியிருக்கோம். நீங்கதான் உங்க கையால குடுக்கணும்.”

எந்தக் கிழமை என்று அவள் கேட்டாள். ஞாயிறு என்றார். இன்னொரு முறை கேட்டாள். அவர் மலரைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார்.

“அந்தாளுதான் என்னை வேலைய விட்டுத் தூக்கினாரு,” என்றாள்.

அது தெரியும், அடிக்குறிப்பில் இருக்கிறது என்றார் ஆய்வாளர். ஒரே மனிதருக்குள் அழிப்பவரும் காப்பவரும் இருந்த முரணைத் தனிக் கட்டுரையாகவே எழுதப்போகிறாராம்.

அவர் போன பிறகு அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துண்டு திருடிய மனுஷருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மெக்கானிக்குக்கு இப்போது எழுபது வயது இருக்கும், இருந்தால். நாற்பத்தொரு வருஷமாக அவனைத் திட்ட அவள் புதுப்புது வசவெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாட்டுக் கட்டுகிற வாய் வேறு என்ன செய்யும்? அத்தனையும் விலாசம் தவறிப் போயிருந்தது.

அக்கா புது பிரேமோடு வந்தாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றாள் விசில். மூன்று நாளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா ஒரு பதில் சொல்வாள், அந்தப் பதில் பொருத்தமாகவும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அக்காவோ விழாவைப் பற்றித் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். மாடிப்படியில் பக்கத்து வீட்டு டீச்சரிடம், விசிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“என் தங்கச்சியப் போட்டுக் குடுத்த பாவி, இதையெல்லாம் பாக்க உயிரோட இருக்கணும் டீச்சர்.”

“இருக்கட்டும்க்கா,” என்றாள் விசில். “கண்ணாடி போட்டுக்கிட்டு நல்லாப் பாக்கட்டும்.”

அக்கா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, சாவியை யார் எடுத்துவந்தது என்று கேட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு விழா. மன்றத் தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் தாம் இந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டபோது காரில் எந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார் என்பதைப் பற்றி. விசிலுக்கு ‘வெண்துகில் குயில்’ என்று பட்டம் கொடுத்தார். குயில் மேடையில் முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தது. பிறகு டேப்பைக் காத்தவர் மேடைக்கு வரும்படி அழைப்பு வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. கூப்பிடுவது தன்னைத்தான் என்று புரியாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள். தொண்டர் இருவர் கை பிடித்து அழைத்துவந்தார்கள். காகிதத்தின் படம் திரையில் சுவரளவுக்கு விழுந்தது. அக்கா புதுக் கண்ணாடி வழியாக அதைப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள் என்பது அவள் தோள் இறங்கியதில் தெரிந்தது.

விசில் கேடயத்தை அக்கா கையில் கொடுத்தாள். மைக்கை நடுவில் பிடித்துக்கொண்டாள்.

“டேப்ப யார்கிட்டக்கா குடுத்த? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.”

அரங்கம் காத்திருந்தது. அக்காவுக்குப் பொய் சொல்ல நேரம் இருந்தது. திரையில் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

“சூப்பர்வைசர்கிட்ட,” என்றாள். “நான்தான். நானாப் போய்க் குடுத்தேன்.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இரைச்சலில் அக்கா மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள். “ரேடியோவுக்குப் போயிருந்தா நீ திரும்பி வந்திருக்க மாட்ட. அவன் கூடவே போயிருப்ப. நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?”

“எங்கக்கா போவேன்? ரேடியோ ஸ்டேஷன் நாலாவது ஸ்டாப்பு,” என்றாள் விசில். “சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுல வந்திருப்பேன்.”

தலைவர் அடுத்து அவளைப் பாடக் கேட்டுக்கொண்டார். அவள் மைக்கை அதன் தண்டில் செருகிவிட்டுப் படியிறங்கினாள். குயில் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாகத் தலைவர் அறிவித்து, டேப்பையே ஒலிக்கவிட்டார். யாருக்கும் ஏமாற்றம் இல்லை. டேப்பில்தான் ஒலி துல்லியமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் வந்து நின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் அக்காவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கேடயம் நினைத்ததைவிடக் கனம். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்தது. அக்கா ஏறி, ஜன்னலோர இருக்கையைத் தங்கைக்கு விட்டு உள்பக்கம் உட்கார்ந்து, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

விசில் ஏறவில்லை. நடத்துனர், அம்மா வர்றீங்களா இல்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். பஸ் கிளம்பியது. அந்த இடத்தை வேறு ஒருவர் கேட்டுவிடாதபடி அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.