நாலு பேருக்கு ஒரே டிக்கெட்

விமானம் ஐம்பது நிமிடம் தாமதமாக இறங்கியது. அதை அறிவித்த பெண்ணின் குரலில் துளி வருத்தம்கூட இல்லை என்று மாமியார் குறைப்பட்டுக்கொண்டார். மருமகளுக்குக் குறைப்படவும் நேரமில்லை. இடுப்பில் பத்து மாதக் குழந்தை, தோளில் பை. விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ரயில் டிக்கெட் இயந்திரத்தை நோக்கி ஓடாத குறையாக நடந்தாள்.

அவள் கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஊரைவிட்டுக் கிளம்பிப் பதினாலு மாதம் ஆகிறது. குழந்தை பிறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். போனில் பார்த்ததோடு சரி. அந்தக் கப்பல் இன்று இந்த ஊர்த் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை துறைமுக வாசலுக்கு வெளியே வர அவனுக்கு அனுமதி. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். மறுபடி எப்போது, எந்தத் துறைமுகம் என்பது அவனுக்கே தெரியாது.

இயந்திரத்தின் எதிரே நின்றபோது மணி பத்து ஐம்பத்தைந்து.

"தள்ளும்மா, நான் பார்க்கறேன்," என்றார் மாமனார்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் என்று யார் வாயிலாவது வந்தால் போதும், அது தன் இலாகா என்று நினைப்பவர். மருமகளோ மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வாள். அதனால் அவர் அவளுக்கு வைத்த பெயர் 'டைம்டேபிள்'.

"மாமா, நான் எல்லாம் படிச்சிட்டு வந்திருக்கேன். இதுல மூணு வழி இருக்கு. அதிவேக ரயில் சீக்கிரம் போகும். ஆனா அந்த டிக்கெட் துறைமுக பஸ்ஸுக்குச் செல்லாது. அங்க இறங்கி மறுபடி வரிசையில நிக்கணும். தனித்தனி டிக்கெட் எடுத்தாலும் அதே கதைதான். இதோ பாருங்க, குழு டிக்கெட். அஞ்சு பேர் வரைக்கும் போகலாம். ரயில், பஸ் எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்."

"நாலு பேருக்கு ஒரே டிக்கெட்டா? என் சர்வீஸ்ல நான் கேள்விப்படாத சங்கதி."

"உங்க சர்வீஸ்ல விமான நிலையமும்தான் கிடையாது," என்றாள் நாத்தனார். அவருடைய கடைசிப் பெண். அப்பாவை வாரும் உரிமை அவளுக்கு மட்டும் உண்டு.

"அதுக்கில்லடி. அவங்கவங்க டிக்கெட் அவங்கவங்க கையில இருக்கணும். செக்கிங் வந்தா நாலு பேரும் ஒரே துண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதா?"

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். மருமகள் திரையைத் தொட்டு, பணத்தைச் செலுத்தி, வந்து விழுந்த டிக்கெட்டை எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு காகிதம். நடுவில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம்.

"சரி, கொடு," என்று மாமனார் கையை நீட்டினார். "என்ன இருந்தாலும் டிக்கெட் ஒரு கண்டக்டர் கையில இருக்கறதுதான் முறை."

பாவம், இதிலாவது அவர் மனசு குளிரட்டும் என்று கொடுத்துவிட்டாள்.

நுழைவுக் கதவு டிக்கெட்டைப் படித்துப் பச்சை காட்டியது. ரயிலிலும் இடம் கிடைத்தது. மாமனார் மட்டும் உட்காராமல் நின்று, விரலை நீட்டி எண்ணினார். "மூணு, என்னோட நாலு, மடியில ஒண்ணு. சரியா இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்பது நிமிடத்தில், துறைமுக பஸ் கிளம்பும் சந்திப்பு நிலையம். வெளியேறும் கதவில் டிக்கெட்டை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"இங்க கொடுங்க மாமா." வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விளிம்பிலிருந்து கறுப்புச் சதுரத்தின் பாதி வரை ஒரு கிழிசல். "இது எப்படி ஆச்சு?"

மாமனார் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். அடுத்தவர் விரலைப் பார்ப்பதுபோல.

"தலையை எண்ணினேன்... எண்ணி முடிச்சதும் டிக்கெட்டை நகத்தால ஒரு கிழி கிழிக்கறது வழக்கம். பார்த்தாச்சுன்னு அடையாளம். கை பாட்டுக்குக் கிழிச்சிருக்கு. எனக்கே தெரியலம்மா."

"ஐயோ அப்பா!" என்றாள் நாத்தனார்.

புது டிக்கெட் வாங்கலாமென்றால் இயந்திரம் கதவுக்கு அந்தப் பக்கம். அவர்கள் இந்தப் பக்கம். மணி பதினொன்று ஐம்பது. மருமகள் உதவிப் பொத்தானை விடாமல் அழுத்தினாள். குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. கோபம் அவள் தொண்டை வரை வந்து நின்றது. திறந்தால் கொட்டிவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சீருடையில் ஒரு பெண் பரிசோதகர் வந்தார். நாற்பது வயதிருக்கும். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழிஞ்ச டிக்கெட் செல்லாது. ஆபீஸ் அறைக்கு வாங்க. படிவம் எழுதணும், அபராதம் உண்டு. அரை மணி ஆகும்."

அரை மணி. மருமகள் பேச வாயெடுப்பதற்குள் மாமனார் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், கிழிச்சது நான். நானும் கண்டக்டரா இருந்தவன்தான். எவ்வளவோ பேரைச் செல்லாத டிக்கெட்டுக்காக நடு ரோட்டுல இறக்கி விட்டிருக்கேன். அதனால சாக்குச் சொல்ல வரல. தப்பு என்னுது. என்னை எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்கார வைங்க. இவங்களை மட்டும் விட்டுடுங்க. ஒரு மணிக்குள்ள துறைமுகத்துக்குப் போகணும். இந்தக் குழந்தை இன்னும் அப்பன் கையில ஏறினதில்லை."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வாயில் 'தப்பு என்னுது' என்ற வார்த்தையை அவர் கேட்டதில்லை. மருமகளின் தொண்டையில் நின்ற கோபம் அங்கேயே கரைந்துபோனது. இவரும் பதினாலு மாதமாக மகனைப் பார்க்காதவர்தானே?

பரிசோதகர் குழந்தையைப் பார்த்தார். பிறகு டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தார்.

"உங்களை மட்டும் வைக்க முடியாதுங்க ஐயா."

"ஏன் மேடம்?"

"இது குழு டிக்கெட். குழுவா சேர்ந்துதான் போகணும்னு விதி. உங்களைப் பிரிச்சு வைச்சா அவங்க பயணமும் செல்லாது. பிடிச்சா எல்லாரையும் பிடிக்கணும், விட்டா எல்லாரையும் விடணும்." கிழிசலுக்குக் கீழே இருந்த எண்ணைக் கைக்கருவியில் தட்டினார். "பத்து ஐம்பத்தாறு, விமான நிலையம். வாங்கின டிக்கெட்தான். எண் முழுசா இருக்கு, அது போதும் எனக்கு."

பக்கத்துக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். டிக்கெட்டின் பின்னால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பஸ் டிரைவர்கிட்ட இதைக் காட்டுங்க. இடது பக்கப் படி, மூணாம் நம்பர் மேடை. அஞ்சு நிமிஷத்துல பஸ் இருக்கு. டிக்கெட் இனிமே அவங்க கையில இருக்கட்டும் ஐயா."

மாமனார் இரண்டு கைகளையும் கூப்பினார். மருமகள் பரிசோதகரின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

பஸ்ஸில் மாமனார் அவளருகே உட்கார்ந்தார்.

"நல்ல வேளை டைம்டேபிள், நான் சொன்னதை நீ கேட்கல."

"ஏன் மாமா?"

"நாலு டிக்கெட் எடுத்திருந்தா நாலையும் கிழிச்சிருப்பேன்."

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

துறைமுக வாசலில் இறங்கும்போது பன்னிரண்டு இருபது. இரும்பு வேலியோரம் வெள்ளைச் சட்டையில் ஒருவன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான். பதினொன்றிலிருந்து அப்படியே நிற்கிறானாம். உட்கார்ந்தால் கண்ணில் படாமல் போய்விடுவோமோ என்று பயம்.

குழந்தை முதலில் அவனிடம் போகவே மாட்டேன் என்றது. அவன் அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். கால் மணி நேரத்துக்குப் பிறகு விரலைப் பிடித்தது. பிறகு மடிக்கு மாறியது. மாமியார் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாமனார் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மருமகள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த நாற்பது நிமிடத்தை ஊர் பேர் தெரியாத ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது.

ஒரு மணிக்கு வாசல் காவலாளி எழுந்து வந்தார். அவன் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். குழந்தையோ அவன் காலரை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு விடுவதாக இல்லை. காவலாளி அதைப் பார்த்தார். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கப்பல்களைப் பார்க்க ஆரம்பித்தார்.