ஆறாம் அறையிலிருந்து வந்த பதில்

குளிர்க் கிடங்கில் ஒயர் இழுப்பவன் நான். எட்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா, ஒரு ஆபத்து மணிப் பொத்தான். அவற்றிலிருந்து வரும் ஒயர்களை ஒரு பெட்டியில் செருகி, காவல் அறைக் கம்ப்யூட்டரோடு சேர்ப்பது என் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே நாற்பத்தாறு வயதில்தான். அதுவரை நிறத்தைப் பார்த்துச் செருகினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆறாம் அறையில் என் சகலை செத்துப்போனார். மூட்டை அடுக்கப் போனவர். கதவின் உள்பிடி பனியில் இறுகிவிட்டது. கேமராக் கண்ணாடியையும் பனி மூடியிருந்தது. பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆனால் காவல் அறையில் மணி அடிக்கவில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, 'அவர் பொத்தானை அழுத்தவில்லை' என்று ஒரு வரி எழுதி விசாரணையை முடித்தார்கள்.

அந்த ஒரு வரி என் மச்சினியைத் தின்றது. அன்று காலை இரண்டு பேருக்கும் சண்டை. "இனி இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதனால்தான் அவர் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார் என்று நம்பினாள். நான் எப்போது போனாலும் அதே கேள்விதான். "ஏன் மாமா அழுத்தல?"

அந்த அறையில் மாட்டியிருந்த பழைய பொத்தான் பெட்டியைக் கழற்றிக் கழிவில் போடச் சொன்னார்கள். போடக் கை வரவில்லை. என் சாமான் அலமாரியில் துணி சுற்றி வைத்தேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்ப்பது போலிருக்கும். துணியை இன்னொரு சுற்று சுற்றுவேன்.

போன மாதம் கம்பெனி எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தது. சாப்பாட்டு அறையில் மேசைகளைத் தள்ளிப் போட்டு, பகல் இரண்டு மணிக்கு. டீச்சர் சின்ன வயசுப் பெண். நான் ஒயர் செருகும் பெட்டி மாதிரியே ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இதுக்குப் பேரு ஸ்விட்ச். இதுல செருகியிருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஐ.பி. நம்பர் உண்டு. வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி. ஒருத்தர் எங்க இருக்காருன்னு தெரியலைன்னா, எல்லாக் கதவையும் தட்டிக் கேட்கும்."

"எங்க வீட்டு ஓனர் மாதிரி" என்றான் கூட வேலை செய்யும் கட்டையன். எல்லோரும் சிரித்தோம்.

"இப்ப ஒரு தப்பு பண்ணிக் காட்டுறேன்" என்று ஒரே ஒயரின் இரண்டு முனைகளையும் அதே ஸ்விட்சில் செருகினார். பச்சை விளக்குகள் ஒன்றாக, வெறி பிடித்ததுபோல் துடித்தன. "இதுதான் லூப். தட்டின சத்தம் சுத்தி இங்கயே திரும்ப வரும். வந்தது மறுபடி போகும். அந்த இரைச்சல்ல உண்மையான சேதி எதுவும் போய்ச் சேராது."

"அது தானா அடங்காதா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஒயரைப் பிடுங்குற வரைக்கும் அடங்காதுங்க."

அந்தத் துடிப்பை நான் பார்த்திருக்கிறேன். ஒயர் முனை தொங்கக் கூடாது என்பது எங்கள் மேஸ்திரியின் சட்டம். தொங்கினால் அசிங்கமாகத் திட்டுவார். சகலை செத்த அன்று, காலை பதினொன்றரை வாக்கில், ஒரு முனை தொங்கிக் கொண்டிருந்தது. காலியாக இருந்த ஓட்டையில் செருகினேன். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது என்று பார்க்கவில்லை. விளக்குகள் துடித்தன. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து டீ குடிக்கப் போனேன். சாயங்காலம் இன்ஜினியர் எல்லா ஒயரையும் பிடுங்கி மாட்டிவிட்டு, "பெட்டி சூடாயிடுச்சு" என்றார். அதோடு போயிற்று.

வகுப்பு முடிந்ததும் துணியைப் பிரித்து அந்தப் பொத்தான் பெட்டியை டீச்சரிடம் கொண்டு போனேன். "இது உயிரோட இருக்கான்னு பாக்கணும்."

அடியில் ஒட்டியிருந்த ஐ.பி. நம்பரை நானே ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் பெட்டியை ஒரு ஒயரால் லேப்டாப்போடு சேர்த்து, அதைத் தட்டினார். "பிங் போடுறேன். 'இருக்கியா'ன்னு கேக்கிறதுதான்."

திரையில் நான்கு வரிகள் வந்தன. நான்கு முறை கேட்டதற்கு நான்கு பதில். இரண்டு வருடம் துணிக்குள் கிடந்தது, இருக்கிறேன் என்றது.

"உள்ளேயும் எழுதி வெச்சிருக்கு, பாருங்க" என்று ஒரு பட்டியலைத் திறந்தார். சகலை செத்த அதே தேதி. 11:42, அழுத்தப்பட்டது, அனுப்ப முடியவில்லை. 11:43, அழுத்தப்பட்டது, அனுப்ப முடியவில்லை. விரலை வைத்து வரி வரியாக இறங்கினேன். நாற்பத்தொரு வரிகள். கடைசி 12:31. முதலில் ஒரு நிமிடத்துக்கு ஒன்று இருந்தது. போகப் போக இடைவெளி நீண்டது.

"யாரோட பெட்டிங்க இது?" என்று கேட்டார் டீச்சர்.

"என் சகலையோடது" என்றேன்.

அன்று சாயங்காலமே மச்சினி வீட்டுக்குப் போனேன். துணி தேய்த்துக் கொண்டிருந்தாள்.

"அவரு அழுத்தினாரும்மா. நாப்பத்தொரு தடவை."

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாரு சொன்னா?"

"பெட்டியில எழுதியிருக்கு. நானே படிச்சேன்."

சட்டையின் கையை மடித்தாள். "அப்ப வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு."

"ஆமாம்மா."

"பின்ன ஏன் மணி அடிக்கல?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வழியில் இரண்டு பஸ்ஸைத் தவற விட்டேன். ஒயரைச் சொன்னேன், முனையைச் சொன்னேன், டீ குடிக்கப் போனதையும் சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க. அந்த வரிய அடிச்சுட்டு எழுதச் சொல்லுங்க." கதவு வரை வந்தாள். "அக்காவ வரச் சொல்லுங்க மாமா. நீங்க வர வேணாம்."

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. 'அவர் பொத்தானை அழுத்தினார்' என்று முதல் வரியை எழுதிவிட்டேன். இரண்டாம் வரி என்னைப் பற்றியது. அதை எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது.