கெழுத்தி மண்டைக் கல்

பெட்டிக்குள் கிடந்த வினாயகமூர்த்தியின் கால்மாட்டில் நின்று அன்னப்பூரணி ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டியதும் ஒப்பாரி நின்றுபோயிற்று.

"ஆர் வச்ச செய்வினைகா இது? என்ட தம்பிட தலகாணிக்குக் கீழ கிடந்திரிக்கு."

போத்தல் நிறைய நூல் சுற்றிய கடதாசிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திகதி, உள்ளே இரண்டு வெள்ளைக் கல். கேள்வி ஊருக்கு, பார்வை மட்டும் தம்பி பெண்டாட்டி சுலோஜனாவுக்கு.

சுலோஜனாவின் அழுகை எங்கேயோ போய்விட்டது. இரண்டு வருடம் மலமும் சலமும் அள்ளியவள் அவள். கூடப்பிறந்தவளோ தீபாவளிக்கு ஒருதரம் வாழைப்பழத்தோடு வந்து, கதிரை நுனியில் இருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு எழும்பிப் போகிறவள். இன்றைக்குச் செய்வினை பிடிக்க வந்துவிட்டாள்!

அது கெழுத்தி மீனின் மண்டைக்குள் இருக்கிற கல் என்று சுலோஜனா சொல்லிப் பார்த்தாள். கால் இழுத்துப்போய் வாவிக்கு இறங்க முடியாத மனுசன், அடுத்த வீட்டு நிலோஜன் பிடித்துத் தரும் கெழுத்தியில் தலையைத்தான் கேட்டு வாங்கித் தின்பார். கல்லைக் கழுவி, அன்றைய திகதி எழுதிச் சுற்றி வைப்பார். இனிப் பிடிக்க ஏலாது, தின்ற நாளையாவது வைத்திருப்போம் என்று சிரிப்பார்.

கோயில் நேர்த்திக்காகச் சிறுவயதிலேயே மீன் மச்சத்தை விட்ட அன்னப்பூரணிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்தக் கல்லைத் தெரிந்த ஆம்பிளைகள் பத்துப் பேர் முற்றத்தில் நின்றார்கள். நாளும் பொழுதும் கெழுத்தி தின்கிறவர்கள்தான். ஆனாலும் செய்வினைப் பேச்சுக்குள் தலையைக் கொடுக்கப் பயம். அவர்கள் மீசையும் அவர்களும்!

பூசாரி வந்து பார்க்காமல் சுலோஜனா வாய்க்கரிசி போடக்கூடாது என்றாள் அன்னப்பூரணி.

முப்பது வருடம் சோறு போட்ட கை. கடைசிப் பிடி அரிசிக்கு இவளிடம் உத்தரவு கேட்க வேண்டுமா? சுலோஜனா வேலி பிரிந்த பொட்டால் அடுத்த வளவுக்குள் புகுந்து போனாள். சாவு வீடென்று நிலோஜன் விற்காமல் வைத்திருந்த கெழுத்தியில் ஒன்றைச் செவுளில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிணம் கிடக்கிற வீட்டு முற்றத்தில் மீன்! கிழவிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் விறகுக் கட்டையில் வைத்து ஒரே வெட்டில் மண்டையைப் பிளந்தாள். இரத்தத்துக்குள் விரலை விட்டுத் தோண்டினாள். அன்னப்பூரணியின் கையைப் பிடித்து விரித்து, அதில் இரண்டு கல்லையும் வைத்தாள்.

"இந்தாங்க மச்சாள். இதையும் நான்தான் வச்சனான். ஒருநாள் இரிந்து பாத்திருந்தா, அவரே உங்கட கையில தந்திரிப்பாரு."

அன்னப்பூரணி கல்லைப் பார்த்தாள். பிறகு போத்தலைப் பார்த்தாள். அதைப் பெட்டியின் ஓரத்தில் மெதுவாக வைத்தாள்.

சுலோஜனா மீன் மணக்கிற கையோடுதான் வாய்க்கரிசி போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

பெட்டியைத் தூக்கும்போது யாரோ அன்னப்பூரணிக்குக் கை கழுவச் செம்பில் தண்ணீர் நீட்டினார்கள். அவள் கழுவவில்லை. கல்லைப் பொத்திய கையோடு வாசல் படலைவரை நடந்தாள்.