மாட்டின் நிறம்

மாடு பச்சையாக இருந்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் மானிட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். முந்தின நாள் எடுத்த பாஸ்போர்ட் படங்களைத் திறந்து பார்த்தேன். அந்த முகங்களெல்லாம் அவரவர் கவலையோடும் அவரவர் நிறத்தோடும் ஒழுங்காகவே இருந்தன. மாடு மட்டும்தான் பச்சை. கறுப்புத் திட்டுகள் கறுப்பாகவே இருக்க, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்த மாதிரி இருந்தது. பால்பண்ணைக்காரர் தன் அலுவலகச் சுவருக்காக ஆள் உயரத்தில் கேட்டிருந்த படம் அது. மாதிரிப் பிரதி பார்க்க மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். படம் எடுப்பது அவர், அதைத் திருத்தி அச்சிட்டுக் கொடுப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் இதுதான் ஏற்பாடு.

"எப்படி?" என்றார்.

"வெள்ளை கொஞ்சம் சரியில்லாத மாதிரி இருக்கே."

"உனக்கு எதுலதான் குத்தம் இல்ல? எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாரு. நீ கைவைக்காதே. அப்படியே பிரிண்ட் போடு."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. கேமராவுக்கு வெள்ளை என்றால் என்னவென்று தானாகத் தெரியாது. ட்யூப் லைட்டில் ஒரு வெள்ளை, வெயிலில் ஒரு வெள்ளை, மேகம் மூடினால் இன்னொரு வெள்ளை. ஸ்டூடியோவில் விளக்கு மாறாது; வெளியே போனால் ஒவ்வொரு முறையும் அதற்கு இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் கேமராவே குத்துமதிப்பாகச் சமாளித்துக்கொள்ளும். இவருக்கு அது ஆகாது. மெஷினுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் திருகித்தான் வைப்பார். பண்ணைக் கொட்டகைக்குப் பச்சை பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சம் மாட்டின் மேல் விழுந்திருக்கிறது, இவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார். கல்யாண வீட்டுப் படத்தில் இப்படி ஒரு சாயல் ஏறினால் அத்தனை நிறங்களுக்கு நடுவே யாருக்கும் தெரியாது. கறுப்பு வெள்ளை மாட்டில் அது போய் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

கல்யாண வீடுகளை அவர் விட்டே பல மாதங்கள் ஆகியிருந்தன. பின்னணித் துணியை மாற்ற ஏணியில் ஏறியவர் பின்னந்தலை தரையில் அடிபட விழுந்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை, இரண்டு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார்கள். எழுந்து வந்த மனிதர், இனிமேல் கல்யாணம், பிறந்தநாள் எதற்கும் போகப்போவதில்லை என்று அறிவித்தார். அலுத்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் இந்தப் புதுக் கிறுக்கு பிடித்தது. இயற்கையிலேயே கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதை மட்டும் தேடிப்பிடித்து எடுப்பார். பியானோ கட்டைகள், சதுரங்கக் காய்கள், கோர்ட் வாசலில் கோட்டும் காலருமாக நிற்கும் வக்கீல்கள், சுண்ணாம்புச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை. ஸ்டூடியோவுக்கு வருகிற எல்லோரையும் நிறுத்திவைத்து, "இது கலர் படம்தாங்க. நான் கலரை எடுத்துடல. அந்தப் பொருள்லயே கலர் இல்ல" என்று விளக்குவார். கேட்டவர்கள் ஆகா என்றார்கள். நானும் வீட்டில் ஒரு கலைஞர் உருவாகிவிட்டார், இனிமேல் தாடி வளர்ப்பார் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெருமையாக இல்லாத விஷயம் வேறு ஒன்று. அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார், பேசும்போது என் தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பார், படுத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். சிவப்பில் ஒரு புதுப் புடவை வாங்கி உடுத்திக்கொண்டு அவர் எதிரில் வேண்டுமென்றே நாலு தடவை நடந்தேன். வழியில் நிற்காதே என்றார். முன்பெல்லாம் கேமராவைத் துடைத்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னைத்தான் ஒரு படம் எடுப்பார்; இப்போது ஜன்னல் கம்பியை எடுக்கிறார். வயதாகிவிட்டது, என் முகம் அலுத்துவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன். பியானோ சொல்லிக்கொடுக்கிற அம்மாவின் வீட்டுக்கு எதற்கு மூன்று தடவை போனார் என்று யோசித்து வயிறெரிந்திருக்கிறேன். பழம் வாங்கி வரச் சொன்னால் பச்சைக் காயாக வாங்கி வந்து கடைக்காரன்மேல் பழியைப் போட்டபோது, மனம் வீட்டில் இருந்தால்தானே என்று பொருமினேனே தவிர, வேறு மாதிரி யோசிக்கத் தோன்றவில்லை.

ஆகவே அன்று அந்தப் பச்சை மாட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. முன்பு நாங்கள் இப்படி விளையாடுவதுண்டு. ஒரு முறை என் படத்துக்கு மீசை வைத்து வாசலில் மாட்டிவிட்டார், பாதிநாள் அது அங்கேயே தொங்கியது. முதலில் பச்சையை எடுத்து, மாட்டை மாடாக்கி, நல்ல பிரதி ஒன்று போட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். பிறகு அதே படத்தில் வெள்ளை முழுக்க ரோஸ் நிறத்தை ஏற்றி இன்னொன்று போட்டேன். ஜம்மென்று இருந்தது, மாடு வெட்கப்பட்ட மாதிரி. அதை மேஜைமேல் அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். என்ன கத்து கத்துவார், கத்திவிட்டு எப்படிச் சிரிப்பார், சிரிக்கும்போதாவது என் முகத்தைப் பார்ப்பார் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வந்தார். படத்தை எடுத்தார். ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, தள்ளிவைத்து, கிட்டத்தில் கொண்டுவந்து நிதானமாகப் பார்த்தார்.

"இதான். நீ கைவைக்காம போட்டதால எப்படி வந்திருக்கு பாரு. வெள்ளைன்னா இது வெள்ளை."

என்னைத் திருப்பிக் கலாய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தே இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பால்பண்ணைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர், வெகுநாள் காணாத மலர்ச்சியோடு, "வாங்க, உங்க மாடு ரெடி" என்று ரோஸ் மாட்டை அவரை நோக்கி நீட்டினார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் விளையாட்டு இல்லை. வாடிக்கையாளர்களிடம் விளையாடுகிற ஆளும் இல்லை அவர். என் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எப்படி எழுந்தேன், எப்படி அதற்குள் நடுவில் போய் நின்றேன் என்று தெரியாது. படத்தைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் இழுப்பறையிலிருந்து நல்ல பிரதியை எடுத்து நீட்டினேன்.

"அது இல்லீங்க, அது மிஷின் சரியா ஓடுதான்னு பார்க்கப் போட்டது. இந்தாங்க, இதுதான் உங்களுது."

பால்பண்ணைக்காரர் நல்ல பிரதியை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அப்படியே நம்ம மாடு. கூப்பிட்டா திரும்பும் போல இருக்கே!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "கண்ணுன்னா உங்க கண்ணுதாங்க" என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவரும் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே என் முதுகுப் பக்கம் பார்த்தார்.

பால்பண்ணைக்காரர் போன பிறகு, ரோஸ் மாட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

"அதுல என்ன பண்ணி வச்சிருந்தே?"

"ரோஸ் கலர்."

"மாட்டுக்கா?"

"ஆமா."

"எவ்வளவு ரோஸ்?"

"பஞ்சுமிட்டாய் மாதிரி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் காலையிலிருந்து காத்திருந்த சிரிப்பு அதுதான், ஆனால் பாதியிலேயே நின்றுபோனது. வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு இடையே செருகிக்கொண்டார்.

"எப்பலேருந்துங்க?"

"விழுந்ததுலேருந்து. எழுந்து பார்த்தா எல்லாம் சாம்பலா இருந்துச்சு. காலையில சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு இருந்தேன்."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். தனியாத்தான் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம், மூளையிலதான் எங்கேயோ அடியாம். திரும்ப வராதுன்னுட்டார்."

கறுப்பு வெள்ளைப் பொருளாகப் பார்த்து எடுத்தால் யாருக்கும் தெரியாமல் காலம் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனிதர். இத்தனை வருடத் தொழிலில், வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியாததா! பயத்தில் அதுகூட மறந்துபோயிருக்கிறது. கலைஞர் என்று நான் செய்த கிண்டலையெல்லாம் வாங்கிக்கொண்டு எப்படித்தான் பேசாமல் இருந்தாரோ. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன ஊராளா? வேலையை நான் பார்த்துக்க மாட்டேனா? நீங்க எடுங்க, கலரை நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

"வேலைக்காக இல்ல."

"பின்னே?"

அவர் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சாவு வீட்டுக்குக் கூப்பிடுவாங்கல்ல, கடைசியா ஒரு படம் எடுத்துக்கொடுங்கன்னு. அந்த முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். நீதான் அதுல கொஞ்சம் ரத்தம் ஏத்தித் தருவே." நிறுத்தினார். "உன்னைப் பார்த்தா அப்படித்தான் இருக்கு. பேசுறே, நடக்குறே, சாப்பாடு போடுறே. ஆனா முகம் அது. எல்லார் முகமும்தான். மத்தவங்க எப்படி இருந்தா எனக்கென்ன? உன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?"

பியானோ டீச்சராகவே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவளோடு சண்டை போட்டிருக்கலாம், முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். இதை எதோடு சண்டை போடுவது? என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது.

பக்கத்தில் போய் உட்காரலாம் என்று ஓரடி வைத்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எழுந்து, படம் எடுக்கிற உள் அறைக்குப் போனார். அதற்கு ஜன்னல் கிடையாது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும் சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்திட்டு வா" என்றார்.

போனேன். சாத்தினேன். பட்டப்பகலில் ஒன்றும் தெரியாத இருட்டு. ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, அவர் மூச்சு கேட்ட இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சற்றுப் பொறுத்து அவர் கை வந்தது. தோளில் பட்டு, கழுத்தில் ஏறி, முகத்துக்கு வந்தது. நெற்றி, புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. கன்னத்து ஈரத்தில் வந்து நின்றது, துடைக்கவில்லை.

"இப்ப இருக்கே" என்றார். "இப்ப நீதான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இனி என் முகம் அவருக்கு இப்படித்தான் கிடைக்குமென்றால், எத்தனை இருட்டு வேண்டியிருக்கும்?

வெளியே யாரோ வந்திருந்தார்கள். மணி அடித்தது. "யாருங்க உள்ள? பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்" என்று ஒரு குரல் கேட்டது. அவர் கை என் முகத்திலேயே இருந்தது. கதவுக்கு அடியிலிருந்து வெளிச்சம் மெல்லிய கோடாகத் தரையில் வந்து என் கால்விரல்மேல் விழுந்திருந்தது. விரல்களை மடக்கி, காலை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.