எட்டுக் கம்பியில் நாலு

முப்பது வருஷம் குடிநீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் குழாய்க்காரர். தரையில் காதை வைத்தால் மூன்றாவது தெருவில் ஒழுகுவது அவருக்குக் கேட்கும்; இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தால் அந்த வீட்டுக்காரர் திட்டுவதும் கேட்கும். எல்லாம் அவரே சொன்னதுதான். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் இன்டர்நெட் சொட்டுச் சொட்டாக வந்தால் மானம் என்ன ஆவது?

மானத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று மடிக்கணினியில் இருந்தது. அவர் மனைவி இருபது வருஷமாக ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியவர். முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு படம் எடுத்திருந்தார், தெருநாய்களின் மதியத் தூக்கத்தைப் பற்றி. போட்டிக்கு அனுப்ப ஐந்து மணிதான் கெடு. இப்போது மணி மூன்று ஐம்பது. படம் போய்ச்சேர இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகும் என்றது திரை.

"என்னங்க, நாப்பது நிமிஷம் இடிக்குதே!"

"முந்நூறு வேகம்னு சொல்லித்தானே மாட்டிட்டுப் போனான்? தொண்ணூத்துநாலுல நிக்குது. எங்கயோ அடைப்பு. நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்."

"அதாங்க கவலையா இருக்கு."

சோபாவிலிருந்து மனைவியின் அண்ணன் எழுந்தார். ரேடியோ மெக்கானிக். உலகத்தில் எது கெட்டாலும் அவருக்கு அது அலையின் குற்றம்.

"மாப்ள, இது குழா இல்ல, அலை. அலைக்கு எமனே தண்ணிதான். மீன்தொட்டியைத் தூக்குங்க!"

தூக்கினார்கள். பாதித் தண்ணீர் கூடத்தில் கடலாகியது. ஒரு மீன் மச்சானின் சட்டைப்பையில் குடியேறிவிட்டுத் திரும்ப மறுத்தது. வேகம் தொண்ணூற்றுநாலு. ஃபிரிட்ஜை அணைத்தார்கள், தொண்ணூற்றுநாலு. மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல் ஏந்தி ரூட்டர் பக்கத்தில் வைத்தார்கள், சமையலறையில் வைத்தார்கள், குளியலறை வாளிமேல்கூட வைத்தார்கள். கல்லில் செதுக்கியதுபோல் அதே தொண்ணூற்றுநாலு.

குழாய்க்காரர் சட்டென்று நின்றார்.

"மச்சான், அலைதான் குத்தம்னா தள்ளிப் போகப்போக வேகம் குறையணும். பக்கத்துலயும் அதே, தூரத்துலயும் அதே. அப்ப ரூட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே குழா சிறுத்துக் கிடக்கு!"

ரூட்டரின் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் சுவரேறி, கதவைத் தாண்டி, வாசலில் இணைப்பு வந்து சேரும் சின்னப் பெட்டிக்குப் போனது. ஏணி போட்டு அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். கதவுக்கு மேலே ஒயரின் தோல் உரிந்திருந்தது. உள்ளே எட்டுக் கம்பி. நாலு மட்டும் பெட்டிக்குப் போக, மற்ற நாலு கும்பலிலிருந்து பிரிந்து வேறெங்கோ கிளம்பியிருந்தன.

"எட்டு வழியில நாலை மறிச்சுட்டானே பாவி! வேகம் எப்படி வரும்? எந்தக் கழுதை பார்த்த வேலை இது? கை இருக்கறவன் செய்வானா? காலால செஞ்சிருக்கான், அதுவும் தூக்கத்துல!"

"இன்னும் நாலு சாத்துங்க மாப்ள," என்று கீழிருந்து மச்சான் உற்சாகமூட்டினார்.

அதற்குள் குழாய்க்காரரின் விரல் கம்பிகளின் முடிச்சைத் தொட்டது. முடிச்சின்மேல் வெள்ளையாக, மெலிசாக ஒரு டேப். குழாய் மரையில் தண்ணீர் கசியாமலிருக்கச் சுற்றுவது. மின்கம்பியில் அதைச் சுற்றும் மனிதன் பூவுலகில் ஒருவர்தான் உண்டு. அவர் இப்போது ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் காலிங்பெல் மாட்டிய நாள் கண்முன் வந்தது. 'எட்டுல நாலு சும்மாதானே கிடக்கு' என்று அவற்றைப் பெல்லுக்குப் பிரித்து விட்டவர், பெல்லின் குயில் சத்தத்தை ஒரு மாதம் ஊருக்கெல்லாம் அமுக்கிக் காட்டியிருந்தார்.

கடிகாரம் நாலு இருபது.

"இந்தாம்மா... அந்தக் கழுதை..."

"டேப்பைப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க," என்றார் மனைவி. "திட்டி முடிக்கட்டும்னு இருந்தேன். நல்லாத்தான் திட்டுனீங்க. இப்ப எறங்குங்க, அண்ணன் ஏறட்டும்."

குயிலின் கழுத்தை நெரிக்க மச்சானுக்குப் பத்தே நிமிஷம் போதுமாயிருந்தது. வாசல் பக்கமும் ரூட்டர் பக்கமும் பெல்லுக்குப் போன கம்பிகளைப் பிடுங்கி, நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கினார். திரையில் எண் குதித்தது: இருநூற்றுத் தொண்ணூறு. நாய்கள் படுத்த வாக்கிலேயே பறந்தன. நாலு ஐம்பத்தாறுக்கு 'வந்து சேர்ந்தது' என்று பச்சை எழுத்து வந்தது. மனைவி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணே, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வாங்க!"

மச்சான் பறந்தார். கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. கடை எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறதோ என்று குழாய்க்காரர் கதவைத் திறந்தால், வாசலிலேயே மச்சான். முழங்கை வழியே ஐஸ்கிரீம் ஒழுக, விரல் மட்டும் பெல் சுவிட்சில்.

"எவ்வளவு நேரமா அமுக்கறது மாப்ள? காது அடைச்சுப்போச்சா? குயிலுக்கு என்ன கேடு?"

குழாய்க்காரர் ஒழுகும் முழங்கையைத் தொழில்முறையில் ஒருதரம் ஆராய்ந்தார்.

"மச்சான், அந்தக் குயிலைப் பிடுங்கின கழுதை யாருன்னு பாக்கணும். ஏணியை எடுத்துட்டு வரட்டுமா?"